ஆண்களுக்கு மட்டும் ஒரு குளிசை

எங்கட வீடுகளில் இப்படி ஒரு கதை அநேகமாக இருக்கும். அப்பப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ ஒருநாள் திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறி, கை தூக்க ஏலாமல் போய், கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி சரியாகியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு மருந்துப் பைக்குள் ஒரு சின்னக் குளிசை புதிதாகச் சேர்ந்திருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. "இரத்தம் ஐதாக்கிற குளிசை" என்று சொல்லுவார்கள். அது அஸ்பிரின்தான். கடையில் வாங்கினாலும் பெரிய விலை இல்லை.

உண்மையில் அது இரத்தத்தை ஐதாக்குவதில்லை. அது செய்வது வேறு வேலை. அதைப் பிறகு பார்ப்போம். இப்போது சொல்ல வந்தது இதுதான்: 1980இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சின்ன ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குப் பாரிசவாதம் வராமல் தடுக்க அஸ்பிரின் கொடுக்கலாம் என்று அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கும் அதே அங்கீகாரம் கிடைத்தது 1998இல். இடையில் பதினெட்டு வருசம்.

அந்தக் குளிசை பெண்களுக்கு ஆபத்து என்று யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அஸ்பிரின் தடுக்கிற நொதியம் ஆண் உடம்பிலும் பெண் உடம்பிலும் ஒன்றுதான். அப்பிடியிருக்க இது எப்படி நடந்தது என்பதுதான் நாங்கள் இங்கே தேடிப் பார்ப்பது. கெட்டவர்கள் என்று யாரும் இந்தக் கதையில் இல்லை. அதனால்தான் இது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் மூளையின் பக்கம். மூளை எங்கட உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதம்தான். ஆனால் உடல் பாவிக்கிற ஒட்சிசனில் கிட்டத்தட்ட 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவும் இல்லை. குருதி வருவது நின்றால் சில நிமிடங்களிலேயே கலங்கள் சாகத் தொடங்கும். பாரிசவாதங்களில் பெரும்பகுதி, நாடி ஒன்று அடைபட்டு மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி போகாமல் விடுவதால் வருவது. மற்றப் பகுதி, குருதிக்கலன் வெடித்து உள்ளே இரத்தம் கசிவதால் வருவது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. வைத்தியம் நேர்மாறு. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அஸ்பிரினுடைய பழைய கதை கனபேருக்குத் தெரிந்ததுதான். 1763இல் எட்வேர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வில்லோ மரப்பட்டை காய்ச்சலுக்கு நல்லது என்று லண்டன் ரோயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். 1897இல் ஜேர்மனியின் பேயர் கம்பனியில் பீலிக்ஸ் ஹொஃப்மன் அசெற்றைல்சாலிசிலிக் அமிலத்தைத் தூய வடிவில் தயாரித்தார். வேலையை வழிநடத்தியது தான்தான் என்று அவரோடு அதே இடத்தில் வேலை செய்த ஆர்தர் ஐசன்கிரூன் பிறகு எழுதினார். ஐசன்கிரூன் யூதர். நாசிகளின் வதைமுகாமில் அடைபட்டு உயிர்தப்பி வந்தவர். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை, அது தனிக் கட்டுரைக்குரிய விசயம். 1899இல் அஸ்பிரின் என்ற பெயரோடு மருந்து விற்பனைக்கு வந்தது. தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் உலகம் முழுக்க விழுங்கினார்கள். இதயத்துக்குக் கெடுதி செய்யுமோ என்று சனம் பயந்ததால், "இது இதயத்தைப் பாதிக்காது" என்று கம்பனி விளம்பரமே செய்தது. பாதிக்கும், அதுவும் நல்லபடியாகப் பாதிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

முதலில் சந்தேகப்பட்டவர் பெரிய ஆராய்ச்சியாளர் இல்லை. கலிபோர்னியாவின் கிளென்டேல் என்ற ஊரில் இருந்த சாதாரணக் குடும்ப வைத்தியர், லோரன்ஸ் கிரேவன். அவர் ரொன்சில் வெட்டுகிறவர். வெட்டிய பிறகு தொண்டை நோவுக்கு அஸ்பிரின் கலந்த சூயிங்கம் கொடுப்பார். சிலருக்கு இரத்தம் நிற்காமல் ஓடியது. விசாரித்தால், சொன்ன அளவைவிட அதிகமாகச் சூயிங்கம் மென்றவர்கள் அவர்கள். வேறு ஒருவராக இருந்தால் சூயிங்கத்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். கிரேவன் அதைத் திருப்பி யோசித்தார். இரத்தம் உறைவதை இது தடுக்கிறது என்றால், உறைவதால் வருகிற மாரடைப்பையும் தடுக்காதா?

தன்னிடம் வந்த நடுத்தர வயது ஆண்களுக்கு அஸ்பிரின் எழுதத் தொடங்கினார். 1950இல் 400 பேரைப் பற்றி எழுதினார். 1953இல் ஏறத்தாழ 1,500 பேர். 1956இல் ஏறத்தாழ 8,000 பேர். அந்தக் கடைசிக் கட்டுரையில் மாரடைப்போடு மூளை நாடி அடைப்பையும் சேர்த்திருந்தார். ஒருவருக்கும் வரவில்லை என்று எழுதினார். அவை வெளிவந்தது பெரிய வைத்தியர்கள் வாசிக்காத சின்னச் சஞ்சிகைகளில். கட்டுப்பாட்டுக் குழு இல்லை. அஸ்பிரின் எடுக்காத அதேமாதிரி ஆக்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எண்ணாயிரம் பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால் நம்புவதற்குப் பதிலாகச் சந்தேகம்தான் வரவேண்டும். 1957இல் கிரேவனே மாரடைப்பில் இறந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய ஆயிரக்கணக்கான ஆக்களில் பெண்கள் இல்லை. மாரடைப்பு என்பது நடுத்தர வயது ஆணின் நோய் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நினைத்தார்கள். அவரைமட்டும் குறை சொல்ல ஏலாது. ஆனால் இந்தப் பழக்கம் பிறகும் தொடரும்.

அடுத்த துண்டு ஒரு கண்ணுக்குள் இருந்து வந்தது. சிலருக்கு ஒரு கண் மட்டும் சில நிமிடங்களுக்கு இருட்டி, திரை விலகினமாதிரித் திரும்பத் தெளியும். அப்படிப்பட்டவர்கள் சிலருக்குப் பிறகு பாரிசவாதம் வரும். நாடி தானாகச் சுருங்குவதால்தான் இது வருகிறது என்று வைத்தியர்கள் கனகாலம் நம்பினார்கள். கனடாவில் பிறந்த நரம்பியல் வைத்தியர் மில்லர் பிஷர், கழுத்தில் இருக்கிற பெரிய நாடியின் அடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் இருக்கிற தொடர்பை 1951இல் எழுதியவர். 1959இல் அவர் இன்னொன்றை எழுதினார். கண் இருண்டுகொண்டிருந்த ஒரு நோயாளியின் விழித்திரையைக் கருவியால் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளையான துணுக்குகள் நாடிகளுக்குள் மெதுவாக ஊர்ந்து போவதை அவர் நேரே கண்டார். சுருக்கம் இல்லை, அடைப்பு. அதுவும் எங்கேயோ மேலே இருந்து உடைந்து வருகிற துணுக்குகள். வெள்ளையாக இருந்தபடியால் அவற்றில் சிவப்புக் கலங்களைவிடக் குருதிச் சிறுதட்டுக்கள் அதிகம் இருக்கவேண்டும்.

சிறுதட்டுக்கள் என்பவை காயம் பட்டால் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கிற சின்னஞ்சிறு துணிக்கைகள். வெட்டுக்காயத்தில் இது உயிர் காக்கிற வேலை. கொழுப்புப் படிந்து கரடுமுரடான ஒரு நாடிச் சுவரில் இதே வேலை நடந்தால், அந்த ஒட்டல் உடைந்து மூளைக்குப் போய் வழியை மறிக்கும். 1960களின் கடைசியில் அஸ்பிரின் இந்த ஒட்டலைக் குறைக்கிறது என்று அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஆய்வுகூடங்களில் கண்டார்கள். 1971இலும் 1972இலும் கண் இருட்டுகிற சில நோயாளிகளுக்கு அஸ்பிரின் கொடுத்ததும் அது நின்றதாகக் கட்டுரைகள் வந்தன. ஆனால் ஏன் என்று தெரியாது. மருந்து கிடைத்து எழுபது வருசத்துக்கு மேல் ஆகியும், அது உடம்புக்குள் எதைத் தொடுகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அதைச் சொன்னவர் லண்டனில் ரோயல் கொலிஜ் ஒஃப் சர்ஜன்ஸில் வேலை செய்த ஜோன் வேன். தனியே இல்லை. 1969இல் அவரும் பிரிசில்லா பைப்பரும் ஒவ்வாமை ஏற்பட்ட கினிப்பன்றியின் நுரையீரலில் இருந்து வெளியே வருகிற பொருட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று முயலின் பெருநாடித் துண்டை இழுத்துச் சுருக்கியது. பெயர் வைக்கத் தெரியாமல் "முயல் பெருநாடியைச் சுருக்கும் பொருள்" என்றே எழுதினார்கள். அஸ்பிரின் கொடுத்தால் அந்தப் பொருள் வரவில்லை. 1971இல் வேன் அடுத்த படிக்குப் போனார். புரொஸ்டகிளாண்டின் எனப்படும் பொருட்களை உடம்பு தயாரிக்கிற நொதியத்தையே அஸ்பிரின் தடுக்கிறது என்று காட்டினார். அதே வருசம் அதே சஞ்சிகையில், மனிதச் சிறுதட்டுக்களிலும் இதுவே நடக்கிறது என்று ஸ்மித், வில்லிஸ் என்ற இருவர் காட்டினார்கள். 1975இல் சுவீடனில் பெங்க்ட் சாமுவெல்சனுடைய குழு, சிறுதட்டுக்கள் விடுகிற த்ரொம்பொக்சேன் என்ற பொருளைக் கண்டுபிடித்தது. சில விநாடிகள் மட்டும் உயிர்வாழ்கிற பொருள். சிறுதட்டுக்களை ஒட்டச் செய்வதும் அதுதான், நாடியை இறுக்குவதும் அதுதான். பைப்பரும் வேனும் பெயரில்லாமல் கண்ட பொருளின் முக்கிய பகுதியும் அதுதான். 1982இல் வேன், சாமுவெல்சன், சூனே பெரிஸ்ட்ரோம் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உயர்தரத்தில் உயிரியல் படித்த ஆக்களுக்கு "நொதிய நிரோதி" என்ற பாடம் ஞாபகம் இருக்கும். மீளத்தக்க நிரோதி, மீளா நிரோதி என்று பிரித்து, பாஸ்ட் பேப்பருக்காகப் பாடமாக்கிவிட்டு மறந்திருப்போம். அஸ்பிரின் மீளா நிரோதிக்கு நல்ல உதாரணம். 1975இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜெரல்ட் ரொத், பிலிப் மஜரஸ் இருவரும் கதிரியக்க அடையாளம் போட்ட அஸ்பிரினைப் பாவித்து, அது தன்னுடைய அசெற்றைல் கூட்டத்தைக் கழற்றி அந்த நொதியத்தின்மேல் ஒட்டிவிட்டுப் போவதைக் கண்டார்கள். வாசல் பூட்டின் திறப்புத் துவாரத்துக்குள் யாரோ நெருப்புக்குச்சியை முறித்து விட்டுப்போன மாதிரி. குச்சியை எடுக்க ஏலாது. பூட்டை மாற்றவேண்டும்.

இங்கேதான் இந்த மருந்தின் அழகு. உடம்பின் மற்றக் கலங்கள் பூட்டை மாற்றிவிடும். அவற்றுக்குக் கரு இருக்கிறது, புது நொதியம் செய்யத் தெரியும். சிறுதட்டுக்குக் கரு இல்லை. தன் வாழ்நாளான எட்டுப் பத்து நாளும் அடைபட்ட பூட்டோடுதான் அது ஓடித் திரியவேண்டும். நாடிச் சுவரின் கலங்கள் த்ரொம்பொக்சேனுக்கு எதிரான வேலை செய்கிற புரொஸ்டாசைக்ளின் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. அதற்கும் இதே நொதியம் தேவை. ஆனால் அந்தக் கலங்களால் திரும்பத் தயாரிக்க முடியும். ஆகவே குறைந்த அளவு அஸ்பிரின், தினமும் ஒன்று, ஒட்டுகிற பக்கத்தை முடக்கி, ஒட்டவிடாத பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த மருந்து இல்லை இது. திட்டமிட்டுச் செய்ததும் உண்டு. த்ரொம்பொக்சேனைச் செய்கிற கடைசி நொதியத்தை மட்டும் தடுக்கிற ஒசாக்ரெல் என்ற மருந்து ஜப்பானில் பாரிசவாதத்துக்குப் பாவனைக்கு வந்தது. காகிதத்தில் பார்த்தால் அதுதான் கெட்டித்தனமான வழி. ஆனால் கடைசிப் படியை அடைத்தால் அதற்கு முந்தைய பொருள் தேங்கி, அதே கதவைத் தானே போய்த் தட்டுகிறது. உலகம் முழுக்கப் பரவியது பழைய அஸ்பிரின்தான்.

சரி, நொதியம் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் ஆய்வுகூடத்தில் நடப்பது மனிதரில் பாரிசவாதத்தைக் குறைக்கிறதா? அதற்குக் கிரேவன் செய்யாததைச் செய்யவேண்டும். எழுமாறாகப் பிரித்து, போலிக் குளிசையோடு ஒப்பிட்டு, வருசக்கணக்காகப் பின்தொடரவேண்டும். அதற்கு யார் காசு போடுவது? அமெரிக்காவில் அஸ்பிரினின் காப்புரிமை 1917இலேயே முடிந்துவிட்டது. யாரும் செய்து விற்கலாம் என்கிற மருந்தைப் பரிசோதிக்க எந்தக் கம்பனியும் முண்டியடித்து வராது.

அதைச் செய்தது கனடா. ஹென்றி பார்னெட் என்ற நரம்பியல் வைத்தியரின் தலைமையில் நாடு முழுக்க இருந்த ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 585 நோயாளிகளை எடுத்தன. எல்லாரும் சின்ன ஸ்ட்ரோக் வந்தவர்கள். நான்கு குழு: அஸ்பிரின், சல்பின்பைரசோன் என்ற இன்னொரு மருந்து, இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல். அஸ்பிரின் அளவு ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம், நான்காகப் பிரித்து. சராசரி 26 மாதம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 1978 ஜூலையில் வெளிவந்தது. சல்பின்பைரசோனால் பயன் தெரியவில்லை. அஸ்பிரின் எடுத்தவர்களில் பாரிசவாதமோ மரணமோ 31 வீதம் குறைந்திருந்தது. மூளைக்கு வரப்போகும் அடைப்பை ஒரு குளிசையால் தடுக்கலாம் என்று ஒழுங்கான ஆய்வு ஒன்று உறுதியாகச் சொன்னது கிட்டத்தட்ட இதுதான் முதல்முறை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் ஆண், பெண் என்று பிரித்தும் பார்த்தார்கள். ஆண்களில் குறைவு 48 வீதம். பெண்களில் பயன் தெரியவில்லை.

பிரித்துப் பார்த்ததில் பிழை இல்லை. பார்க்காமல் விட்டிருந்தால் அதையும் நாங்கள் குற்றமாகத்தான் சொல்லுவோம். சிக்கல் எண்ணிக்கையில். 585 பேரில் பெண்கள் இருநூறு பேர்கூட இல்லை. அவர்களையும் நான்கு குழுவாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சில பத்துப்பேர். அதற்குள் பாரிசவாதம் வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கம் போயிருந்தால் முடிவே மாறியிருக்கும். "பயன் இருப்பதாகக் காட்ட முடியவில்லை" என்பதும் "பயன் இல்லை" என்பதும் ஒன்றல்ல. முதலாவது, எங்களுக்குத் தெரியாது என்று சொல்கிறது. இரண்டாவது, தெரியும் என்று சொல்கிறது. 1978க்கும் 1980க்கும் இடையில் முதலாவது வசனம் சத்தமில்லாமல் இரண்டாவது வசனமாக மாறிவிட்டது.

நம்பத் தொடங்கினால் காரணமும் கிடைத்துவிடும். அதே 1978இல் முயல்களில் செய்த ஒரு பரிசோதனை, ஆண் முயல்களில் அஸ்பிரின் குருதிக்கட்டியைக் குறைப்பதாகவும் பெண் முயல்களில் குறைக்கவில்லை என்றும் சொன்னது. ஓமோன்களில் காரணம் தேடினார்கள். இப்படி ஒரு சின்ன எண்ணிக்கையின் தடுமாற்றத்துக்கு உயிரியல் சட்டை போட்டாயிற்று. 1980இல் அமெரிக்க நிர்வாகம் ஆண்களுக்கு என்று எழுதியது. அவர்களுடைய பக்கத்தில் நின்று பார்த்தால் நியாயமாகத்தான் படும்: ஆதாரம் உள்ளவர்களுக்கு அங்கீகாரம், இல்லாதவர்களுக்கு இல்லை. வைத்தியர் விரும்பினால் பெண்ணுக்கும் எழுதலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வயிற்றில் இரத்தம் கசியவைக்கக்கூடிய ஒரு மருந்தை, "இவருக்குப் பயன் இல்லை" என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு எத்தனை வைத்தியர் எழுதுவார்? அதனால் எத்தனை பெண்களுக்குத் தவிர்த்திருக்கக்கூடிய பாரிசவாதம் வந்தது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணுவதற்கு வழியும் இல்லை.

அமெரிக்காவில் அந்தக் காலத்து நிலைமையும் இதற்கு உதவியது. கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துகளின் ஆரம்பக்கட்டப் பரிசோதனைகளில் சேர்க்கவேண்டாம் என்று 1977இல் அதே நிர்வாகம் வழிகாட்டல் கொடுத்திருந்தது. 1993இல்தான் அது மாறியது. கனடா ஆய்வு இந்த விதியால் பாதிக்கப்படவில்லை, அதில் இருந்தவர்கள் வயது போனவர்கள். ஆனால் பெண்ணைப் பற்றிய தகவல் குறைவாக இருப்பது ஒரு குறையாகவே யாருக்கும் படாத காலம் அது. மாரடைப்பைத் தடுக்க அஸ்பிரின் உதவுமா என்று பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 1989இல் முடிவை வெளியிட்டது. 22,071 வைத்தியர்கள். எல்லாரும் ஆண்கள்.

இதற்கிடையில் ஒரு நல்ல பகிடியும் நடந்தது. எங்கட ஊரில் சாத்திரம் பார்க்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் வாசிக்கவேணும். 1988இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து நடத்தப்பட்ட ஒரு மாபெரும் ஆய்வு, மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 17,187 பேரில் அஸ்பிரினைப் பரிசோதித்தது. இதய, குருதிக்கலன் நோய்களால் வரும் மரணம் 23 வீதம் குறைந்தது. தெளிவான முடிவு. ஆனால் வயதுவாரியாக, நோய்வாரியாகப் பிரித்துப் பிரித்துக் காட்டுங்கள் என்று சஞ்சிகை கேட்டதாம். ஆய்வில் இருந்த புள்ளிவிபரவியலாளர் ரிச்சர்ட் பீட்டோ, அப்படியென்றால் ராசிவாரியாகவும் போடுவோம் என்றாராம். போட்டார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு அஸ்பிரினால் பயன் இல்லை, கொஞ்சம் கெடுதிகூட. மற்றப் பத்து ராசிக்கும் 28 வீதம் பயன். (இது எங்கட சாத்திரியார் பார்க்கிற சந்திர ராசி இல்லை, பிறந்த திகதியை வைத்துப் பார்க்கிற மேற்கத்தைய ராசி. அதனால் வீட்டில் சாதகத்தைத் தூக்கவேண்டாம்.)

ஒருவரும் துலாம் ராசிக்காரருக்கு அஸ்பிரினை நிறுத்தவில்லை. ஏனென்றால் அது தற்செயல் என்று எல்லாருக்கும் உடனே விளங்கியது. பதினேழாயிரம் பேரையே பன்னிரண்டாகப் பிரித்தால் இப்படித் தடுமாறும் என்றால், 585 பேரைப் பிரித்தால்? ராசி என்றபடியால் சிரித்தார்கள். பெண் என்றபடியால் நம்பினார்கள். பெண்ணுடைய உடம்பு வேறு, அது மருந்துக்கு ஒழுங்காகக் கட்டுப்படாது என்ற எண்ணம் ஏற்கனவே மனசில் இருந்தால், அந்த எண்ணைச் சந்தேகிக்கத் தோன்றாது.

சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். பிரான்சில் மரி-ஜெர்மேன் பூசே தலைமையில் 604 பேரில் செய்த ஆய்வு 1983இல் வந்தது. மூன்று வருசத்தில் மூளை நாடி அடைப்பு போலிக் குளிசைக் குழுவில் 18 வீதம், அஸ்பிரின் குழுவில் 10.5 வீதம். கனடாவின் ஆண்-பெண் பிளவை அது உறுதிப்படுத்தவில்லை. பிறகு பீட்டோவும் ரோரி கொலின்ஸும் சேர்ந்த ஒக்ஸ்போர்ட் குழு, தனித்தனியாகச் சின்னதாக இருக்கிற ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கிற வேலையைத் தொடங்கியது. 1988இல் முதல் கூட்டல். 1994இல் பெரிய கூட்டல்: 145 ஆய்வுகள், ஏற்கனவே ஆபத்தில் இருந்த ஏறத்தாழ 70,000 நோயாளிகள். மாரடைப்பு, பாரிசவாதம், நாடி அடைப்பால் வரும் மரணம் எல்லாம் சேர்த்து நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆண்களிலும் பெண்களிலும் ஒரே மாதிரி.

அளவு பற்றிய கேள்வியும் இதற்குள் தீர்ந்தது. 1991இல் நெதர்லாந்தில் 3,131 பேரில் 30 மில்லிகிராமையும் 283 மில்லிகிராமையும் ஒப்பிட்டார்கள். பாதுகாப்பில் வித்தியாசம் இல்லை. சிறுதட்டுக்குக் கரு இல்லை என்பதை ஞாபகப்படுத்திப் பார்த்தால் காரணம் விளங்கும். பிறகு 1997இல் இரண்டு ஆய்வுகள் சேர்ந்து வந்தன. ஒன்று 36 நாடுகளில் 19,435 பேர், மற்றது சீனாவில் 21,106 பேர். பாரிசவாதம் வந்து 48 மணித்தியாலத்துக்குள் அஸ்பிரின் தொடங்கினால், ஆயிரம் பேருக்கு ஒன்பது பேரளவில் மரணத்தில் இருந்தோ இன்னொரு பாரிசவாதத்தில் இருந்தோ தப்புகிறார்கள். ஆயிரத்துக்கு ஒன்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். உலகம் முழுக்க ஒவ்வொரு வருசமும் எத்தனை பேருக்கு வருகிறது என்று யோசித்தால் சின்னது இல்லை.

1998இல் அமெரிக்க நிர்வாகம் தன் விதியைத் திருத்தியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும், ஒரு நாளைக்கு 50 முதல் 325 மில்லிகிராம்.

இதை வாசித்துவிட்டு, ஆணும் பெண்ணும் எல்லாவற்றிலும் ஒன்று, பிரித்துப் பார்ப்பதே பிழை என்று யாரும் முடிவெடுக்கவேண்டாம். 2005இல் 39,876 பெண்களைப் பத்து வருசம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வந்தது. இவர்கள் முன்பு எதுவும் வராத சுகதேகிகள். ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லிகிராம். பாரிசவாதம் 17 வீதம் குறைந்தது. மாரடைப்பு குறையவில்லை. அந்த 22,071 ஆண் வைத்தியர்களில் நடந்தது நேர்மாறு: மாரடைப்பு 44 வீதம் குறைந்தது, பாரிசவாதம் குறையவில்லை. 1980இல் எந்த நோய்க்கு அஸ்பிரின் பெண்களுக்குப் பயன்படாது என்று எழுதினார்களோ, அதே நோயில்தான் அது அவர்களுக்கு உதவியது. இது உண்மையான வித்தியாசமா, இதுவும் ஒரு துலாம் ராசியா என்று இன்றைக்கும் வாதிடுகிறார்கள். ஆனால் இந்தமுறை வாதிடுவதற்கு நாற்பதாயிரம் பெண்களின் தகவல் கையில் இருக்கிறது.

கடைசியாக, வீட்டில் இருக்கிறவர்களுக்காக ஒன்று. நோய் எதுவும் வராதவர்கள் சும்மா பாதுகாப்புக்கு எண்டு தினமும் அஸ்பிரின் போடுவது இப்போது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. 2018இல் வந்த ஆய்வுகளில் வயது போனவர்களுக்குப் பயனைவிட இரத்தக்கசிவு கூடுதலாக இருந்தது. அதேபோல, யாருக்காவது திடீரென்று வாய் கோணி, கை விழுந்தால், வீட்டிலேயே அஸ்பிரினைக் கரைத்து வாயில் ஊற்றக்கூடாது. அடைப்பா, வெடிப்பா என்று ஸ்கான் எடுக்காமல் தெரியாது. வெடிப்பாக இருந்தால் ஒட்டவேண்டிய சிறுதட்டுக்களை நாங்களே முடக்கிவிடுவோம். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு. ஏற்கனவே பாரிசவாதம் வந்து வைத்தியர் எழுதிக் கொடுத்தவர்கள், வயிறு எரியுது என்று தாங்களாகவே நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லவேணும்.

அம்மம்மாவின் மருந்துப் பையை எடுத்துப் பாருங்கள். 75 என்றோ 100 என்றோ போட்டிருக்கும். கனடாவில் 1978இல் கொடுத்தது 1,300.